பெயர்ப் பலகையில் இருந்த ஐந்து இலக்கம்

செசிலியாவின் கழுத்துச் சங்கிலியில், சிலுவைக்குப் பக்கத்தில், ஒரு சிறிய பித்தளைச் சாவி தொங்கும். குளிக்கும்போதுகூட அவர் அதைக் கழற்றியதில்லை. நெய்வேலி நகரியத்தில் அவரைத் தெரிந்தவர்கள் அதை நகை வைத்த பீரோவின் சாவி என்று நினைத்தார்கள். பீரோவின் உள்ளறையில் நகை எதுவும் இல்லை. பங்குக் கோயிலில் வரன் தேடிப் பதிவு செய்தவர்களின் அட்டைகள்தான் இருந்தன.

கடலூரில் டைப்ரைட்டிங் ஹையர் முடித்துவிட்டு, கல்யாணமாகி நகரியத்துக்கு வந்தவர் அவர். கணவர் செல்வநாதன் சுரங்கத்தில் கன்வேயர் ஆபரேட்டர். 1991இல் அப்போதிருந்த பங்குத்தந்தை, வரன் பதிவை ஒழுங்காக எழுதி வைக்க ஆள் வேண்டும் என்றார். டைப் தெரிந்த பெண் என்று செசிலியாவைக் கைகாட்டினார்கள். பெயர், வயது, சொந்த ஊர், படிப்பு, வேலை, ஒரு போட்டோ. இவ்வளவுதான் கோயில் கேட்டது. அட்டையின் அடியில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டத்தைச் சேர்த்தது செசிலியா.

அந்தக் கட்டத்தில் இருந்தவை கதவைச் சாத்திக்கொண்டு சொல்லப்பட்டவை. நின்றுபோன நிச்சயம். அண்ணன் ஜெயிலில் இருப்பது. குழந்தையில் வந்த நோய். அவர் தாய்மாரிடம் ஒன்றைச் சொல்லிவிடுவார்: “நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா நிச்சயத்துக்கு முன்னாடி நீங்களே உங்க வாயால அவங்ககிட்ட சொல்லிடணும். நான் ரெண்டு தடவ ஞாபகப்படுத்துவேன்.” பதினாறு வருடத்தில் அவர் வாயிலிருந்து ஒரு குறிப்பும் வெளியே போகவில்லை. கணவரிடம்கூட.

2003இல் மகன் ஜெரால்டு ஒரு கம்ப்யூட்டர் வாங்கி உள் அறையில் வைத்தான். செசிலியா யாரிடமும் பாடம் கேட்கவில்லை. பழைய டைப்ரைட்டரின் விரல் பழக்கத்தோடு தமிழில் அடிக்கத் தாமே கற்றுக்கொண்டு, இரண்டு வருடத்தில் எல்லா அட்டைகளையும் ‘வரன்’ என்ற ஒரே கோப்பில் ஏற்றினார். ஒவ்வொரு அட்டையையும் இரண்டு முறை ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு அட்டைகளைக் கொல்லையில் போட்டு எரித்தார். ஒரு விஷயம் இரண்டு இடத்தில் இருந்தால் இரண்டு இடத்தையும் காக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. பூட்ட இனி ஒன்றுமில்லை என்றாலும் சாவி மட்டும் பழக்கத்தில் சங்கிலியிலேயே நின்றுவிட்டது.

2006 கிறிஸ்துமஸுக்குச் சென்னையிலிருந்து வந்த ஜெரால்டு, கொம்பு முளைத்த ஒரு வெள்ளைப் பெட்டியைக் கொண்டுவந்து டெலிபோனுக்குப் பக்கத்தில் வைத்தான். அவன் லேப்டாப்புக்கு ஒயர் தேவையில்லாமல் வீடு முழுக்க இன்டர்நெட் வந்தது.

“கட்டில்ல படுத்துக்கிட்டே மெயில் பாக்கலாம்மா.”

“படுத்துக்கிட்டு மெயில் பாக்கறவனுக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்?” என்றார் செல்வநாதன்.

“அதான் அம்மாகிட்ட கோப்பே இருக்கே, அப்பா.”

எல்லாரும் சிரித்தார்கள். பெரிய கம்ப்யூட்டரில் இருந்த பாட்டும் போட்டோவும் லேப்டாப்பிலும் தெரியட்டும் என்று, ஜெரால்டு அதில் ஒரு ஃபோல்டரை எல்லா மெஷினுக்கும் பொதுவாகத் திறந்துவிட்டான். ‘வரன்’ கோப்பும் அதே ஃபோல்டரில் இருந்தது. அவன் கவனிக்கவில்லை. செசிலியாவுக்கு அப்படி ஒன்றைத் திறக்க முடியும் என்பதே தெரியாது. பொங்கல் முடிந்து அவன் போய்விட்டான். பெட்டியின் பச்சை விளக்கு மட்டும் இரவும் பகலும் மின்னிக்கொண்டிருந்தது.

ஈஸ்டர் கழிந்த புதன்கிழமை, ஏப்ரல் பதினொன்றாம் தேதி, காலை பதினொரு மணிக்குப் பங்குத்தந்தை ஆளனுப்பினார். செசிலியா போனபோது அவர் மேஜை மேல் ஒரு உறை பிரித்துக் கிடந்தது. உட்காரச் சொல்லிவிட்டுக் கடிதத்தை அவர் பக்கம் தள்ளினார்.

அச்சிட்ட ஒற்றைத் தாள். கையெழுத்து இல்லை. வடக்குத்து லிடியாவின் மகள் சோபியாவைப் பற்றியது. சோபியாவுக்கும் நெல்லிக்குப்பம் ஜாஸ்பருக்கும் அந்தச் சனிக்கிழமை நிச்சயம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை முதல் ஓலை. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் மணமக்கள் பெயரை வாசித்து, தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று கேட்பார்களே, அந்த ஓலை.

கடிதத்தில் இப்படி இருந்தது: ‘பதினோரு வயதில் முதல் வலிப்பு. மொத்தம் மூன்று முறை. 2001 ஆகஸ்டுக்குப் பின் வரவில்லை. மாத்திரை தொடர்கிறது. தாய் தானே சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.’ அதற்குக் கீழே வேறு ஒரு வரி: ‘மாப்பிள்ளை வீட்டாருக்கும் இதன் நகல் அனுப்பப்பட்டுள்ளது.’

செசிலியா முதல் ஐந்து வாக்கியங்களை இரண்டாவது முறை படித்தார். படிக்கத் தேவையில்லை. அவை அவர் எழுதியவை. ஒரு புள்ளி மாறாமல். மொட்டைக் கடிதம் எழுதுகிறவனுக்கு ‘தாய் தானே சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்’ என்று எழுத எந்த அவசியமும் இல்லை. யாரோ குறிப்புக் கட்டத்தை முழுதாக எடுத்து வைத்திருக்கிறார்கள்.

“செசிலியாம்மா, இது நிஜமா?”

“நிஜம், ஃபாதர்.”

“வேற யாருக்குத் தெரியும்?”

“லிடியாவுக்கு, பொண்ணுக்கு, டாக்டருக்கு. அப்புறம் எனக்கு.”

பங்குத்தந்தை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.  

செசிலியா உறையைத் திருப்பிப் பார்த்தார். நெய்வேலி முத்திரை. செவ்வாய்க்கிழமை போட்டது. உள்ளூர் என்பதால் இன்றைக்கே வந்துவிட்டது. நெல்லிக்குப்பத்துக்கு ஒரு நாள் கூடப் பிடிக்கும். அப்படியென்றால் நாளை காலை தபாலில். லிடியா சொல்வதற்கு முன் இந்தத் தாள் சொல்லிவிட்டால், மறைத்துக் கட்டிவைக்கப் பார்த்தார்கள் என்றாகிவிடும். அதற்குப் பிறகு சோபியாவால் அந்த வட்டாரத்தில் எந்த வீட்டுப் படியும் ஏற முடியாது.

வெயிலில் வேகமாக நடந்து வீட்டுக்கு வந்தார். கம்ப்யூட்டரைத் திறந்தார். ‘வரன்’ கோப்பு இருந்த இடத்தில் இருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பெயர்களும் இருந்தன. சோபியாவின் குறிப்பு, அவர் அடித்தபடியே. எதுவும் குறையவில்லை. அது அவரை இன்னும் பயமுறுத்தியது. திருட்டு என்றால் ஏதாவது குறைய வேண்டும், கதவு உடைந்திருக்க வேண்டும். இங்கே ஒரு தடயம்கூட இல்லாமல் யாரோ வந்து, படித்து, போயிருக்கிறார்கள். எத்தனை முறை வந்தார்கள் என்பதும் தெரியாது. அவர் இந்த நாற்காலியில் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தபோதே வந்திருக்கலாம்.

சென்னைக்குப் போன் போட்டார்.

“ஜெரால்டு, என் கோப்ப யாராவது வெளியிலேருந்து படிக்க முடியுமா?”

“எப்படிம்மா முடியும்? நம்ம நெட்டுக்குள்ள வந்தாத்தான். அதுக்குப் பாஸ்வேர்டு போட்டிருக்கேன்.”

“என்ன பாஸ்வேர்டு?”

“அஞ்சு எழுத்து கேட்டுச்சு. அப்பா நம்பர் அஞ்சு இலக்கம். கரெக்டா இருந்துச்சுன்னு அதையே போட்டுட்டேன். அப்பாவும் மறக்க மாட்டாரு, நீயும்…”

அவன் நிறுத்தினான். செசிலியா ஜன்னல் வழியாக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரும்புக் கேட்டில் நீலப் பலகை. அதில் வெள்ளைப் பெயின்ட்டில், சி. செல்வநாதன் என்ற பெயருக்குக் கீழே, முப்பத்தொன்றில் தொடங்கும் அந்த ஐந்து இலக்கம்.

நகரியத்தில் ஒரு மனிதன் அவன் எண்தான். வேலைக்குச் சேர்ந்த அன்று கம்பெனி கொடுக்கும் எண் ஹெல்மெட்டில் ஏறும், சாப்பாட்டு கேரியரில் ஏறும், சைக்கிள் மட்கார்டில் ஏறும். ஆஸ்பத்திரிச் சீட்டில் பெண்டாட்டி பிள்ளைகளுக்கும் அதே எண். ஜன்னலில் இருப்பவர் எண்ணைக் கூப்பிட்டால் செசிலியா எழுந்து போவார், முப்பது வருடமாக. குவார்ட்டர்ஸ் கேட்டில் எண்ணை எழுதாத வீடே இல்லை. அது மறைக்கவேண்டிய விஷயம் என்று அங்கே யாருக்கும் தோன்றியதில்லை. ஜெரால்டும் அந்த எண்ணோடுதான் வளர்ந்தான்.

“ம்மா… லைன்ல இருக்கியா?”

“இருக்கேன். அந்தப் பெட்டியப் பத்தி இங்க யாருக்குத் தெரியும்?”

“கொளஞ்சி அண்ணனக் கூப்பிடும்மா. நான் வேணா லீவு போட்டு…”

“நீ வந்து சேர நாளைக்கு ஆயிடும்,” என்று போனை வைத்தார்.

கொளஞ்சிநாதன் டெலிபோன் ஆபீஸில் லைன்மேன். கம்பம் ஏறி ஏறி, பிறகு இன்டர்நெட் வந்ததும் அதையும் கைப்பழக்கத்தில் பிடித்துக்கொண்டவர். மத்தியானம் ஒன்றரைக்கு டிவிஎஸ் வண்டியில் வந்தார். பெட்டியின் உள்பக்கத்தைக் கம்ப்யூட்டர் திரையில் வரவழைத்து, மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

“அம்மா, வூட்ல எத்தினி மெஷினு?”

“இது ஒண்ணுதான். லேப்டாப்பு பையன் எடுத்துட்டுப் போயிட்டான்.”

“இங்க அஞ்சு காட்டுது.”

செசிலியா திரைக்கு அருகில் குனிந்தார். வரிசையாக ஐந்து பெயர்கள். முதலாவது அவருடையது. இரண்டாவது ‘பவித்ரா’. மற்ற மூன்றும் எழுத்தும் எண்ணும் கலந்து யாருடையது என்று தெரியாதவை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடைசிப் பெயர் அழிந்தது. எங்கேயோ ஒரு வீட்டில் யாரோ லேப்டாப் மூடியை மூடியிருக்கிறார்கள்.

“இப்ப ஒருத்தர் போயிட்டாங்க,” என்றார் கொளஞ்சிநாதன்.

“யாரு?”

“அத சொல்லாதும்மா இது. நூறடி, நூத்தம்பதடிக்குள்ள எந்த வூடா வேணாலும் இருக்கலாம். ரோட்டுல மரத்தடியில நின்னாக்கூட எடுக்கும்.”

“போன வாரம் யாரு வந்தாங்கன்னு பாக்க முடியுமா?”

“இந்தப் பெட்டி அதெல்லாம் எழுதி வெக்கலயே. இப்ப இருக்கறவன மட்டும்தான் காட்டும். பெட்டிய மாத்தியமைக்கிற பாஸ்வேர்டும் கடையில வந்தபடியே வுட்டு வெச்சிருக்காங்க. இந்த அஞ்செழுத்துப் பூட்டுமே சும்மா பேருக்குத்தான். ஒடைக்கறதுக்குன்னே புரோகிராம் வெச்சிருக்கானுங்க. உங்க வூட்ல ஒடைக்கற வேலையும் யாருக்கும் வைக்கல.”

பவித்ரா பக்கத்துக் குவார்ட்டர்ஸ் மருமகள். பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறவள். இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரே சுவர். கொளஞ்சிநாதன் வேலி ஓரம் நின்று கூப்பிட்டதும், லேப்டாப்பை இடுப்பில் குழந்தையைப் போல இடுக்கிக்கொண்டு சிரித்தபடியே சமையலறைக்குள் வந்தாள்.

“ஆமா ஆன்ட்டி, உங்க வூட்டு நெட்டுதான். ஜனவரியிலேருந்து. ஏன், ஸ்லோ ஆயிடுச்சா?”

“உனக்கு யாரும்மா நம்பர் குடுத்தா?”

“யாரு குடுக்கணும்? அஞ்சு எழுத்து கேட்டுச்சு. கேட்டுல அங்கிள் நம்பர் இருக்கே, போட்டுப் பாத்தேன், தொறந்துகிச்சு. எங்க மாமா நம்பர் போட்டுத்தான எதிர் வூட்டுக்காரங்க எங்க கேபிள் பில்லு கட்டறாங்க. ஏணி உங்களுது, கிரைண்டர் எங்களுது. இதுவும் அப்படித்தான்னு நெனச்சேன்.”

அவள் முகத்தில் கள்ளம் எதுவும் தெரியவில்லை. செசிலியா முகத்தையே பார்த்தார். எட்டு வருடமாகப் பார்க்கும் முகம். முதல்முறையாக அதில் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று தேடினார். தேடுகிறோம் என்று தெரிந்ததும் உடம்பு கூசியது.

கொளஞ்சிநாதன் லேப்டாப்பை வாங்கி அரிசி டிரம்மின் மூடி மேல் வைத்தார். இரண்டு மூன்று முறை தட்டினார். திரையில் ஜெரால்டின் பாட்டு, கிறிஸ்துமஸ் போட்டோ, அவற்றுக்கு நடுவே ‘வரன்’. அதன்மேல் அழுத்தினார். இன்னொரு வீட்டுப் பெண்ணின் கருவியில், தம் சமையலறையில், செசிலியாவின் கோப்பு விரிந்தது. முதல் பெயர், முதல் போட்டோ, முதல் குறிப்பு. பதினாறு வருடம் கதவைச் சாத்திக் கேட்டதெல்லாம்.

அவர் பாய்ந்து மூடியை அறைந்து சாத்தினார். டிரம் அதிர்ந்தது.

“நான் ஒருநாளும் அத தொறந்ததில்ல ஆன்ட்டி,” என்றாள் பவித்ரா. அவள் குரல் இறங்கிவிட்டது. “அப்படி ஒண்ணு இருக்குன்னே எனக்குத் தெரியாது. சத்தியமா.”

“நான் உன்ன எதுவும் கேக்கலியே.”

“நீங்க பாக்கற பார்வ கேக்குதே.”

லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அவள் போய்விட்டாள். கொளஞ்சிநாதன் பொது ஃபோல்டரை மூடினார். பெட்டிக்குப் பெரிய பூட்டு ஒன்று போட்டு, இருபது எழுத்தில் ஒரு பாஸ்வேர்டைச் செசிலியாவையே யோசிக்கச் சொல்லி, தாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மற்றப் பெயர்கள் மூன்றும் திரையிலிருந்து மறைந்தன. கிளம்பும்போது வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னார்:

“இனிமே வர மாட்டாங்க. எடுத்துக்கினு போனத ஒண்ணும் பண்ண முடியாதும்மா. அதுக்கு என்கிட்ட மருந்து இல்ல.”

இரண்டரைக்கு முதல் ஷிப்ட் முடிந்து செல்வநாதன் வந்தார். ஹெல்மெட்டை ஆணியில் மாட்டினார். அதன் நெற்றியில் அந்த எண். செசிலியா எல்லாவற்றையும் சொன்னார், சோபியாவின் குறிப்பில் என்ன இருந்தது என்பதைத் தவிர. கணவர் சோற்றில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“கடுதாசி யார் போட்டாங்கன்னு தெரியல. நம்ம வூட்லேருந்து போச்சுன்னும் யாருக்கும் தெரியாது. கொளஞ்சி வாயத் தொறக்க மாட்டான். நீ ஏன் போய் உன் தலையில வாங்கிக்கற?”

“நாளைக்கு அந்தப் புள்ளைக்கு நின்னு போச்சுன்னா?”

“போனா போவுது. உன் பேரு போச்சுன்னா? நானூறு வூடு, செசிலி. நாளைக்குக் கோயிலுக்குள்ள தல நிமித்தி நடக்க முடியாது. எனக்கு ரிட்டயராக இன்னும் மூணு வருஷம் இங்கதான் இருக்கணும்.”

அவர் சொன்னது தவறில்லை. செசிலியாவும் காலையிலிருந்து அதையேதான் எண்ணிக்கொண்டிருந்தார். சும்மா இருக்க முடியும். தபால் தன் பாட்டுக்குப் போய்ச் சேரும். டாக்டர் வீட்டிலிருந்து போயிருக்கும், கம்பவுண்டர் சொல்லியிருப்பான் என்று நாலு பேர் பேசுவார்கள். ஆனால் குறிப்பில் அவரே எழுதிய கடைசி வரி கண்ணை விட்டுப் போகவில்லை. தாய் தானே சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். லிடியா இன்னும் சொல்லவில்லை என்பது குறிப்பை எழுதிய அவருக்கு மட்டும்தான் தெரியும். இப்போது திருடியவருக்கும்.

நான்கு மணிக்குச் சேலை மாற்றிக்கொண்டு கிளம்பினார். செல்வநாதன் ஸ்கூட்டரை எடுத்தார். வடக்குத்தில் லிடியா வீட்டுத் தெருமுனையில் இறக்கிவிட்டு, “நான் இங்கயே நிக்கறேன்,” என்றார்.

லிடியா கணவனை இழந்தவர். நர்சரிப் பள்ளியில் ஆயாவாக வேலை. தரையில் நிச்சயத்துக்கு வாங்கிய புது வெற்றிலைத் தட்டுகள் அடுக்கியிருந்தன. சோபியா ஒரு கிளினிக்கில் லேப் டெக்னீஷியன். அப்போதுதான் வேலை முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

செசிலியா நின்றபடியே சொல்லி முடித்தார். பெட்டி, எண், கோப்பு, கடிதம். எதையும் குறைக்கவில்லை.

லிடியா எழுந்துகொள்ளவில்லை. “அக்கா, உன்கிட்ட மட்டும்தானே சொன்னேன்,” என்றார். பிறகு குரல் ஏறியது. “எங்கூடப் பொறந்தவளுக்குத் தெரியாதுக்கா! வூட்டுக்குள்ள ஜன்னல சாத்திக்கினு சொன்னேனே. நீ எழுதாத எழுதாதன்னு சொன்னேன், கேட்டியா? எழுதினாத்தான் மறக்காம ஞாபகப்படுத்துவேன்னியே!”

“சொன்னேன்.”

“வாயால சொல்லியிருந்தாக்கூட ஒருத்தி ரெண்டு பேருக்குத்தான் போயிருக்கும். இது எங்க எங்க கெடக்குதோ. எவன் எவன் படிச்சிக்கினு சிரிக்கிறானோ!”

“ம்மா,” என்றாள் சோபியா. ஈர முகத்தோடு வாசற்படியில் நின்றிருந்தாள். “அந்தத் தபாலு எப்பப் போவும்?”

“நாளைக்குக் காலையில, பத்து பத்தரைக்கு,” என்றார் செசிலியா.

“அப்ப பத்துக்கு முன்ன நாம அங்க இருக்கணும். நான் அப்பவே சொன்னேன் இல்ல, பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே ஜாஸ்பர்கிட்ட சொல்லிட்றேன்னு. நீதான் பொறு பொறுன்ன.” அவள் செசிலியா பக்கம் திரும்பினாள். அவள் குரலில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. “நீங்களும் வரணும் ஆன்ட்டி. எங்க வாயால சொன்னா பயந்துகினு சொல்றோம்பாங்க. உங்க வாயால அந்த லெட்டரு எங்கேருந்து போச்சுன்னு சொல்லணும்.”

மறுநாள் ஏழரை மணி பஸ்ஸில் பண்ருட்டி போனார்கள். அங்கே மாறி கடலூர் பஸ் ஏறினார்கள். நெல்லிக்குப்பம் நெருங்கியதும் ஆலைக்குப் போகும் கரும்பு லாரிகள் ரோட்டின் ஒரு பக்கத்தை அடைத்துக்கொண்டு நின்றன. பஸ் ஊர்ந்தது. லிடியா ஜெபமாலையை உருட்டினார். செசிலியா கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது நாற்பது. ஒன்பது ஐம்பத்தைந்து. ஜன்னலுக்கு வெளியே சைக்கிளில் போகும் ஒவ்வொரு காக்கிச் சட்டையும் தபால்காரராகத் தெரிந்தது. ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி மூன்று பேரும் நடந்தார்கள். நடை என்று சொல்ல முடியாது.

ஜாஸ்பர் ஆலையில் வேலை பார்க்கிறவன். அன்று இரண்டாவது ஷிப்ட் என்பதால் வீட்டில் இருந்தான். அவன் தாய் வாசலில் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தார். மூன்று பேர் வேர்த்து விறுவிறுக்க நிற்பதைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“என்ன சம்பந்தி, நாளான்னிக்கு வரவேண்டியவங்க இன்னிக்கே வந்துட்டீங்க?”

“தபாலு வந்துச்சா?” என்று கேட்டுவிட்டார் லிடியா.

“என்ன தபாலு?”

செசிலியாவுக்கு மூச்சு வந்தது.

உள்ளே உட்கார்ந்ததும் சோபியாதான் பேசினாள். தாயைப் பேசவிடவில்லை. எந்த வயதில், எத்தனை முறை, என்ன மாத்திரை, கடைசியாக எப்போது. லேப் ரிப்போர்ட் படிப்பது போலச் சொன்னாள். கைவிரல்கள் மட்டும் முந்தானையைச் சுருட்டிக்கொண்டிருந்தன. ஜாஸ்பர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் தாய் லிடியா பக்கம் திரும்பினார். “இத எப்ப சொல்றதா இருந்தீங்க?” என்றார்.

“நாளைக்கு,” என்றார் லிடியா. “இல்ல… பொய் எதுக்கு. பயத்துல தள்ளித் தள்ளிப் போட்டுட்டேன்.”

“அப்ப இன்னிக்கு மட்டும் எப்படி பயம் போச்சு?”

வெளியே சைக்கிள் மணி அடித்தது. “போஸ்ட்!” என்ற குரல்.  ஜாஸ்பர் எழுந்து போய் உறையை வாங்கிவந்தான். அதே உறை. அதே அச்செழுத்து. அவன் தாய் பிரித்து, எழுத்துக் கூட்டிப் படித்து முடித்து, மடியில் வைத்துக்கொண்டார்.

“அந்தப் பொண்ணு சொன்னது அத்தினியும் இதுல இருக்குது. இத மொதல்ல படிச்சிருந்தா உங்கள வாசல்லயே நிக்க வெச்சித் திருப்பி அனுப்பியிருப்பேன்.” தாளை ஆட்டினார். “யாரு போட்டது?”

“தெரியல,” என்றார் செசிலியா. “ஆனா இது என் எழுத்து. என் வீட்டுக் கம்ப்யூட்டர்லேருந்து எடுத்திருக்காங்க. பூட்டுற நம்பர வாசல்லயே எழுதி வெச்சிருந்தோம். தப்பு என்னுது. இவங்க மேல எதுவும் இல்ல.”

ஜாஸ்பரின் தாய் அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஏதோ கடுமையாகச் சொல்ல வாயெடுத்தவர் சட்டென்று நின்றார். முகம் மாறியது.

“உங்க கம்ப்யூட்டர்ல… என் பையன் பேரும் இருக்குது இல்ல?”

“இருக்கு.”

“நான் சொன்ன அதுவும்?”

செசிலியா தலையசைத்தார். அந்த அம்மாளுக்கும் இரண்டு முறை ஞாபகப்படுத்தியிருந்தார். இரண்டு முறையும் ‘சொல்லிட்றேன்’ என்ற பதில்தான் வந்தது.

“அதுவும் போயிருக்குமா?”

“போயிருக்கும்னுதான் நெனைக்கணும்.”

 ஆலைச் சங்கு ஊதியது. ஜாஸ்பரின் தாய் எழுந்து வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். இன்னொரு தபால் வருகிறதா என்று பார்ப்பதுபோல் இருந்தது. வந்து உட்கார்ந்து, லிடியாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார்:

“இவனுக்கு எடது காது கேக்காதும்மா. சின்னதுல சீழ் வச்சிப் போயிடுச்சி. நானும் சொல்லாமத்தான் இருந்தேன்.”

லிடியா திகைத்துப்போனார். சோபியா ஜாஸ்பரைப் பார்த்தாள்.

“எனக்குத் தெரியும்,” என்றாள். “பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு இந்தப் பக்கமா நின்னு காப்பி சக்கர போதுமான்னு மூணு தடவ கேட்டேன். திமிரு புடிச்சவர்னு நெனச்சேன். அப்புறம் அந்தப் பக்கம் போய்க் கேட்டேன், ஒடனே போதும்னாரு.”

ஜாஸ்பர் முதல்முறையாகச் சிரித்தான். “சக்கர போதலதான். வாய் வரல,” என்றான்.

அவன் தாய் சிரிக்கவில்லை. ஆனால் எழுந்து அடுப்படிக்குப் போய்ப் பால் பாத்திரத்தை ஏற்றினார்.

சனிக்கிழமை நிச்சயம் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை பங்குத்தந்தை முதல் ஓலையை வாசித்தார். சோபியாவின் பெயர் கோயிலின் ஒலிபெருக்கியில் கேட்டபோது செசிலியா முன் இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டார். தடை தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்றதும் கழுத்துக்குப் பின்னால் குளிர்ந்தது. அந்தக் கடிதத்தை எழுதியவர் இங்கேதான் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறார். தோளுக்குப் பின்னால் இருமுகிறவராக இருக்கலாம். பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும்போது கை குவிக்கிறவராக இருக்கலாம். மூன்று ஞாயிறும் யாரும் எழுந்துகொள்ளவில்லை. மே மாதத்தில் கல்யாணம் நடந்தது. லிடியா பத்திரிகை வைத்தார். வைத்துவிட்டு, கோப்பிலிருந்து சோபியாவின் போட்டோவைத் தம் கண் முன்னாலேயே அழிக்கச் சொல்லிவிட்டுப் போனார். பழையபடி ‘அக்கா’ என்று கூப்பிடவில்லை.

அந்தக் கோடை முழுவதும் செசிலியா வீடு வீடாகப் போனார். கோப்பில் இருந்த ஒவ்வொரு குடும்பத்திடமும், உங்கள் குறிப்பு வெளியே போயிருக்கலாம் என்று சொல்லிவிட வேண்டும் என்பது அவர் முடிவு. சிலர் கதவைச் சாத்தினார்கள். சிலருக்குப் புரியவில்லை. “ஒயரே இல்லாம எப்படிங்க வெளிய போவும்?” என்று கேட்டவர்களுக்குச் சுவருக்கு இந்தப் பக்கம் பேசினால் அந்தப் பக்கம் கேட்கிறதல்லவா, அப்படித்தான் என்று விளக்கினார். ஒரு அப்பா, “நீங்க சொல்லாம இருந்திருந்தா நாங்க நிம்மதியா இருந்திருப்போம்,” என்றார். அவர் அடுத்த வீட்டுக்கு நடந்தார். மழைக்கு முன்பாக நானூற்றுப் பன்னிரண்டு வீட்டையும் முடித்தார். பதிவைக் கோயிலிடம் ஒப்படைத்தார். வேறு ஒருவர் எழுதுகிறார். குறிப்புக் கட்டம் இப்போது இல்லை.

பவித்ரா வீட்டுக் கிரைண்டரை அவர் பிறகு கேட்கவில்லை. ஏணியும் திரும்பி வந்து கொல்லையில் கிடக்கிறது. செல்வநாதன் கேட்டுப் பலகையில் எண் இருந்த இடத்தில் நீலப் பெயின்ட் அடித்தார். மதிய வெயில் சாய்வாக விழும்போது பெயின்ட்டுக்கு அடியில் அந்த ஐந்து இலக்கமும் மேடாகத் தெரிகிறது.

செசிலியாவின் ஜெபப் புத்தகத்தில் நான்காக மடித்த ஒரு தாள் இருக்கிறது. அதில் பெயர்கள் மட்டும்தான். வேறு ஒன்றும் இல்லை. ஏற்கெனவே கல்யாணமானவர்களின் பெயர்களை முதலிலேயே அடித்துவிட்டார். அந்தப் பெயர்களில் ஒன்று ஓலையில் வரும் ஞாயிறுகளில் அவர் இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொள்வார். மூன்றாவது ஓலையும் கேட்டு, யாரும் எழுந்துகொள்ளாமல் பூசை முடிந்தபின், வாசல் வேப்பமரத்தடியில் நின்று பென்சிலால் அந்தப் பெயரை அடிப்பார். 2009ஆம் ஆண்டின் கடைசி ஞாயிறு வரை இருநூற்று எழுபத்தொரு பெயர்கள் அடிக்கப்பட்டிருந்தன. மீதி நூற்று நாற்பத்தொன்று.